யாருடைய படை?

திருச்சிராப்பள்ளியிலே மெயின்கார்டு கேட் என்றோர் இடம் உண்டு. பேருந்து நடத்துநர் அந்தப் பெயரைக் கூவுகிறார். துணி வாங்க வந்தோர், கல்லூரிக்குச் செல்வோர், மலைக்கோட்டையைக் காண வந்தோர் எல்லோரும் இறங்குகிறார்கள். பழைய கோட்டையின் மேற்கு வாயில் அது. தலைமைக் காவல் நின்ற இடம். அதனாலே அந்தப் பெயர். கோட்டைச் சுவரை இடித்தாகிவிட்டது, அகழியைத் தூர்த்தாகிவிட்டது, சுவர் ஓடிய தடத்திலே இன்று சாலை ஓடுகிறது. வாயில் மட்டும் நிற்கிறது.

என் வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, இந்த வாயிலிலே காவல் நின்றது நவாபின் படையா, கும்பெனியின் படையா? கோட்டை நவாபுடையது என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்த பக்கத்திலே கும்பெனியார் கோட்டையைக் காத்தனர் என்கிறார்கள். தேர்விலே கேட்டால் எதை எழுதுவது?"

"நவாபின் கோட்டை, கும்பெனியின் படை" என்றேன். பையன் எழுதிக் கொண்டான். ஆனால், சொன்ன எனக்கு மனம் நிறையவில்லை. வீடு திரும்பும் வரையிலே கேள்வி உடன் வந்தது. ஒரு நாட்டின் படை யாருடையது? முடி சூடியவனுடையதா? ஆணையிடுபவனுடையதா? கூலி கொடுப்பவனுடையதா? அந்தக் கூலிக்கான காசை வியர்வை சிந்தி விளைவித்துத் தந்தவனுடையதா?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து நாட்டார் இரத்தம் சிந்தி ஒரு விடை கண்டார்கள். அங்கே மன்னர் உண்டு, மகுடம் உண்டு. கடற்படைக்கு 'ராயல்' என்று அடைமொழி, வானப் படைக்கும் 'ராயல்' என்று அடைமொழி. தரைப்படையிலே பல பிரிவுகளுக்கு அந்த அடைமொழி இருந்தாலும், தரைப்படை முழுமைக்கும் அது கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் கற்ற பாடம் அப்படி! பாராளுமன்றத்தின் மீது படை நடத்திய முதலாம் சார்லஸ் 1649-இல் தலையை இழந்தான். பாராளுமன்றத்தைப் புறக்கணித்துப் படையைப் பெருக்கிய அவன் மகன் இரண்டாம் ஜேம்ஸ் 1688-இல் நாட்டைவிட்டே ஓடினான். மறு ஆண்டு உரிமைச் சட்டம் எழுதப்பட்டது. அமைதிக் காலத்திலே பாராளுமன்றத்தின் இசைவின்றி நாட்டுக்குள் படை வைத்திருப்பது சட்ட விரோதம் என்றது அந்தச் சட்டம். மன்னனே, பெயர் உன்னுடையதாக இருக்கட்டும், பணப்பை எங்களிடம் இருக்கட்டும் என்றார்கள். அந்தப் பாராளுமன்றத்திலே அன்று அமர்ந்திருந்தோர் நிலப்பிரபுக்களும் பெருவணிகருமே. ஏழைக்கு அங்கே இடமில்லை. ஆயினும் முடியையும் படையையும் பிரித்துக் கட்டும் முடிச்சு அங்கே விழுந்தது.

தன் மன்னனை நம்பிப் படையை ஒப்படைக்காத அதே நாடு, மிளகும் துணியும் வாங்கி விற்க வந்த வணிகக் கும்பெனிக்கு நம் மண்ணிலே படை வைத்துக்கொள்ள இடங்கொடுத்தது! அந்தக் கும்பெனிக்கும் ஒரு முடி தேவைப்பட்டது. அந்த முடியைத் திருச்சியிலே கண்டெடுத்தார்கள்.

கதையைச் சற்று முன்னிருந்து சொல்ல வேண்டும். நாயக்கர் வழியில் இறுதியாகத் திருச்சியில் ஆண்டவர் அரசி மீனாட்சி. ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலியின் மருமகன் சந்தாசாகிப், துணைக்கு வந்தவன் போல வந்து கோட்டையைப் பிடித்தான். அரசி நஞ்சுண்டு மாண்டார். திருமறைமீது ஆணையிடுவதாகச் சொல்லிப் பட்டுத்துணியில் சுற்றிய செங்கல்மீது கைவைத்து ஆணையிட்டான் என்று ஒரு கதை உண்டு. 1741-இல் மராத்தியர் வந்து சந்தாசாகிபைச் சிறைப்பிடித்துச் சென்றனர். 1743-இல் நிஜாம் வந்து மராத்தியரிடமிருந்து கோட்டையை மீட்டார். இத்தனை கொடிகள் ஏறி இறங்கின. எந்தக் கொடியையும் திருச்சி மக்களைக் கேட்டு ஏற்றவில்லை.

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரிலே நவாபு அன்வருதீன் மாண்டார். எதிரே நின்றது, சிறையிலிருந்து மீண்ட சந்தாசாகிப்; அவனுக்குப் பின்னே பிரெஞ்சுப் பீரங்கி. அன்வருதீனின் மகன் முகமதலி தப்பியோடித் திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தான். அவனுக்குப் பின்னே ஆங்கிலப் பீரங்கி வந்து சேர்ந்தது. இங்கேதான் வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துவிடும் ஓர் உண்மை இருக்கிறது. 1748-இலேயே இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்து கொண்டுவிட்டன. ஐரோப்பாவிலே கை குலுக்கிய இரு நாட்டாரும் காவிரிக் கரையிலே எப்படிக் குண்டு போட்டுக்கொள்ள முடியும்? வழி இருந்தது. "நாங்களா சண்டை போடுகிறோம்? எங்கள் நவாபுக்குத் துணை நிற்கிறோம்" என்றது ஆங்கிலக் கும்பெனி. "எங்கள் நவாபுக்கு நாங்கள்" என்றது பிரெஞ்சுக் கும்பெனி. நவாபு என்ற பெயர், பீரங்கிக்குப் போர்த்திய பட்டுத்துணி. சந்தாசாகிப் செங்கல்லுக்குத்தான் துணி சுற்றினான் என்பார்கள். இவர்கள் பீரங்கிக்கே சுற்றிவிட்டார்கள்!

1751-இல் சந்தாசாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சியை முற்றுகையிட்டனர். அவர்கள் கவனத்தைத் திருப்ப கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தான். ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். அந்த முற்றுகையில் நம் சிப்பாய்கள், சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீர் எங்களுக்குப் போதும் என்றார்கள் எனும் கதையை மெக்காலே எழுதி உலகறியச் செய்தார். உருக்கமான கதை. ஆனால் உருக்கம் வேறு, உண்மை வேறு. எவனுடைய கஞ்சியை எவன் குடித்தான் என்று ஆள்பவன் எழுதும்போது, ஆளப்பட்டவன் இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும். சோறு வெள்ளையனுக்கும் தண்ணீர் நமக்கும் என்ற பங்கீட்டைச் சிப்பாயே விரும்பிக் கேட்டான் என்பது, பின்னால் நூறாண்டுக் காலம் அவர்களுக்கு எவ்வளவு வசதியான கதை!

1752 வசந்தத்திலே நிலைமை மாறியது. பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கினான். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவிலே ஏழு திருச்சுற்று மதில். இதைவிட நல்ல கோட்டை எது என்று எண்ணினான் போலும். திருவானைக்காக் கோயிலும் பிரெஞ்சுக்காரரின் பாசறையாயிற்று. கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்திலே கிளைவ், தெற்கே லாரன்ஸ். ஆகமம் அறிந்தோர் வகுத்த மதில்களைப் பீரங்கி அறிந்தோர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பள்ளிகொண்டவர் பள்ளிகொண்டபடியே இருந்தார்.

ஜூன் மாதத்தில் உணவு தீர்ந்தது, வழியும் அடைபட்டது, லா சரணடைந்தான். ஏறக்குறைய எண்ணூறு பிரெஞ்சுப் போர்வீரர், இரண்டாயிரம் சிப்பாய்கள் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். சந்தாசாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியின் சத்தியத்தை நம்பி அவனிடம் சென்றான். தலை வெட்டப்பட்டு முகமதலிக்கு அனுப்பப்பட்டது. சத்தியத்தால் கோட்டை பெற்றவன் சத்தியத்தாலேயே தலையிழந்தான்.

அந்த நாளின் மற்றொரு செய்தியை ஆங்கிலேயரான ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். எல்லோரும் சரணடைந்த பிறகும் ஆயிரம் ராஜபுத்திரர் கோயிலுக்குள்ளேயே நின்றார்களாம். மூன்றாம் மதிலைத் தாண்டி எவன் உள்ளே வந்தாலும் வெட்டுவோம் என்றார்களாம். வென்றவர்களும் வியந்து ஒதுங்கிக் கொண்டார்களாம். பக்தியின் பெருமை என்று இதைப் பாடுவோர் பாடட்டும். எனக்குத் தோன்றுவது வேறு: தோற்றுப்போன படையிலே, கூலி நின்றுபோன வேளையிலே, இதற்காகத்தான் நிற்கிறேன் என்று தானே ஒரு கோடு கிழித்து நின்றவர்கள் அவர்கள். கோடு மூன்றாம் மதிலோடு நின்றுவிட்டது. அதற்கு வெளியே கிடந்த நாட்டைச் சுற்றி ஒருவரும் கோடு கிழிக்கவில்லை.

போர் அதோடு முடியவில்லை. உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று முகமதலி மைசூருக்கு மறைவாக வாக்களித்திருந்தான். வெற்றி கிடைத்ததும் வாக்கு காற்றில் போயிற்று. சினந்த மைசூர்த் தளபதி நஞ்சராஜா பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து கொண்டார். இந்த நஞ்சராஜாவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மைசூரின் மன்னர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார். அரியணையிலே அவர், அதிகாரத்திலே நஞ்சராஜாவும் அவர் தமையன் தேவராஜாவும். பெயருக்கு ஒரு மன்னன், படைக்கு ஒரு தலைவன்! நஞ்சராஜாவின் படையிலே திருச்சிக் களத்தில் போர் பயின்ற ஒருவர், நஞ்சராஜா மன்னனை வைத்திருந்ததைப் போலவே 1761-இல் நஞ்சராஜாவையும் மன்னனையும் சேர்த்து ஒதுக்கி வைத்தார். அவர் ஐதர் அலி. மன்னன் பெயரால் படை நடத்துவோன் ஒருநாள் மன்னனைக் கேட்காமலே நடத்துவான். கேட்க ஒரு பாராளுமன்றமும் இல்லாத நாட்டில் அவனைத் தடுப்பவர் யார்?

1753 ஜூன் 26-இல் பொன்மலையிலே பெரும்போர். இன்று இரயில்வே தொழிற்சாலைச் சங்கு ஊதும் அதே பொன்மலைதான். பிரெஞ்சுக்காரர் பிடித்த குன்றை லாரன்சின் படை ஏறி மீட்டது. நவம்பர் இறுதியிலே ஓர் இரவு பிரெஞ்சுக்காரர் ஏணி வைத்துக் கோட்டை மதிலேறினர். ஓசையின்றி முன்னேற வேண்டியவர்கள், பிடித்த பீரங்கியை ஊருக்குள்ளே திருப்பிச் சுட்டுத் தாங்களே ஊரை எழுப்பிவிட்டுத் தோற்றனர். வீரக் கதைகள்! ஆனால் கோட்டைக்குள் இருந்த மக்கள்? நவாபின் உறவினர், தம் பொறுப்பில் இருந்த நெற்களஞ்சியத்தை விலையேறிய வேளையிலே விற்றுக் காசாக்கிவிட்டார். அதை ஆங்கிலக் காவல்தலைவன் கண்டுபிடித்தபோது சில வாரங்களுக்கே நெல் இருந்தது. பஞ்சம் தாங்காமல் மக்கள் ஊரைக் காலி செய்தனர். அகன்ற தெருக்கள் வெறிச்சோடின. காவற்படை இருந்தது, கோட்டை இருந்தது, கொடி இருந்தது. காக்கப்பட வேண்டிய ஊர் இல்லை.

புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டுக் காடுகளின் வழியே உணவு வண்டிகளைப் பகைவர் கண்ணில் மண்தூவிக் கொண்டு வந்து சேர்த்தவர்களிலே தலையாயவன் யூசுப்கான். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்த மருதநாயகம் என்று சொல்வர். 1754-இல் அவன்மீதே பழி வந்தது. ஆங்கிலத் தளபதியின் துபாஷி பொன்னியப்பா, யூசுப்கான் மைசூரோடு கூடிச் சதி செய்கிறான் என்று தோன்றும்படி பொய்க் கடிதம் புனைந்தான். சூது வெளிப்பட்டுப் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். யூசுப்கான் கும்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவனானான்; தங்கப் பதக்கமும் கொடுத்தனர். பத்தே ஆண்டுகள். மதுரையை ஆளவைத்த நவாபையும் கும்பெனியையும் எதிர்த்துத் தன் காலிலே நிற்க முயன்றான் அவன். 1764 அக்டோபர் 15-இல் மதுரையிலே தூக்கில் தொங்கினான். பதக்கம் தந்த கையும் கயிறு தந்த கையும் ஒரே கை. தூக்குக்கு ஆணை மட்டும் நவாபின் பெயரில்!

பெயரளவு மன்னனால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதுதான் விடை. பழிக்கு ஒரு பெயர் வேண்டும். கடனுக்கும் ஒரு பெயர் வேண்டும்.

ஆம், கடன்! இந்தப் போர்களுக்கெல்லாம் செலவுக் கணக்கு நவாபின் தலையிலே எழுதப்பட்டது. தன்னை ஆட்டிவைக்கும் படைக்குத் தானே கூலி கொடுக்க வேண்டும். பணமில்லை; கும்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். பால் பென்பீல்டு போன்றோர் அந்த வட்டியிலே கொழுத்தனர். சேப்பாக்கத்திலே மாளிகை எழுந்தது. திருச்சியை விட்டு நவாபு சென்னைக்குச் சென்று கடன்காரர் நிழலிலேயே குடியேறினார். கடனைத் தீர்க்க 1773-இல் கும்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபுக்குக் கொடுத்தது. தஞ்சை உழவனின் நெல் வட்டிக்குப் போயிற்று. தஞ்சையை அதன் மன்னரிடம் 1776-இல் திருப்பித் தந்த சென்னை ஆளுநர் பிகட்டையே சொந்தச் சபையினர் சிறையிலிட்டனர். காவலிலேயே அவர் இறந்தார். 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே நின்று இந்த ஆர்க்காட்டுக் கடனைக் கிழித்து உதறினார். கடன் செல்லும் என்றே ஆட்சியாளர் முடித்தனர். 1689-இல் தன் மன்னனின் பணப்பையைப் பறித்த அதே மன்றம்!

1792 உடன்படிக்கைப்படி நவாபு படைச் செலவுக்காக ஆண்டுதோறும் ஒன்பது இலட்சம் வராகன் தர வேண்டும். போர் வந்தால் நாட்டின் நிருவாகமே கும்பெனி கைக்குப் போகும். நவாபின் வருவாய் என்பது என்ன? மண்ணிலே கால் பதித்து நின்றவன் கொடுத்த வரி. அந்த வரியிலே வாங்கிய துப்பாக்கி, வரி கொடுக்காதபோது அவனையே குறிபார்த்தது. துப்பாக்கியைத் தூக்கி நின்றவனும் பெரும்பாலும் அவன் மகன், அல்லது பக்கத்து ஊர்க்காரன்.

இதைக் கண்டு கேட்டவர்கள் மருது பாண்டியர். 1801 ஜூன் 16-ஆம் நாள் ஓர் அறிக்கை இரண்டு இடங்களிலே ஒட்டப்பட்டிருந்தது. ஒன்று, திருச்சிக் கோட்டைக்குள்ளே நவாபின் அரண்மனைக்குச் செல்லும் வாயிற்சுவரில். மற்றொன்று, திருவரங்கம் கோயில் மதிலில். நவாபு முகமதலி அறிவிழந்து வெள்ளையருக்கு இடங்கொடுத்ததையும், வந்தவர்கள் நாட்டையே தமதாக்கிக் கொண்டதையும், மக்கள் கஞ்சிக்கும் வழியின்றி வாடுவதையும் அது எடுத்துரைத்தது. அதோடு நில்லாமல் கும்பெனிப் படையிலே இருந்த சுபேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோரையே அழைத்து, ஆயுதம் ஏந்தத் தெரிந்த நீங்கள் அதை வெள்ளையர் மீது திருப்புங்கள் என்றது. மன்னனிடம் முறையிடவில்லை, மன்னன் பெயரளவில் என்பது அவர்களுக்குத் தெரியும். படையின் கையும் காலுமாக இருந்தவனிடம் பேசினார்கள். அதற்கு முன் அவனிடம் அப்படிப் பேசியவர் அரிது.

அந்த அறிக்கையிலே நமக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. மறைத்து ஏன் எழுத வேண்டும்? பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர் என்று பழைய ஏணிப்படியின் வரிசையிலேயே மக்களை அழைக்கிறது. முஸ்லிம்களையும் சேர்த்து அழைத்தது அதன் பெருமை. தாளைக் கிழித்தால் பஞ்சமாபாதகம் சேரும் என்று சாபமும் இடுகிறது. நாட்டைக் காக்க எழுந்தவர்கள் தாளைக் காக்கப் பாவத்தைக் காவல் வைத்தார்கள்! ஏழை எளியவன் பாவத்துக்கு அஞ்சியிருப்பான். துபாஷிகளும் துரைகளும் அஞ்சவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது விரைவாகவே நடந்தது. ஜூலை 15-இல் நவாபு உம்தத்துல் உமாரா இறந்தார். அந்த மாத இறுதிக்குள் கருநாடகம் முழுவதும் கும்பெனியின் கைக்கு வந்தது. புது நவாபுக்குப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். அழைக்கப்பட்ட சிப்பாய் அன்று திரும்பவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1806 ஜூலை 10-இல் வேலூரிலே திரும்பினான்: புதுத் தலைப்பாகையும், தாடி, நெற்றிக்குறி, கடுக்கன் மீது விதித்த தடையும் தீப்பொறியாயின. அந்தத் தீயும் ஒரே நாளில் இரத்தத்தில் அணைக்கப்பட்டது.

இந்தச் சென்னைப் படையிலே தெலுங்கர் இருந்தனர், தமிழர் இருந்தனர், முஸ்லிம்கள் இருந்தனர். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட ஆதிதிராவிடரும் துப்பாக்கி ஏந்தினர். சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் எனும் பிரிவிலே மண்வெட்டியும் வெடிமருந்துமாக அவர்கள் செய்த பணி பெரிது. பிறகு வந்தார் தளபதி ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவர். அதன்பின் இந்தியப் படைக்கே தலைவர். போர்க்குணம் சில இனங்களுக்கே பிறப்பில் அமைந்தது, தென்னாட்டானுக்கு அது இல்லை என்றார். தென்னாட்டுப் பிரிவுகள் குறைக்கப்பட்டன. பொன்மலை ஏறியவனின் பேரனுக்கு வீரம் பிறப்பிலேயே இல்லையாம்! பிறப்பால் ஒருவன் படிக்கலாகாது என்ற நூலை நாம் அறிவோம். பிறப்பால் ஒருவன் போரிடலாகாது என்ற நூலைத் தொப்பியணிந்த ஒருவர் எழுதினார். நெற்றிக்குறி இல்லை என்பதொன்றே வேறுபாடு.

நவாபு என்ற பட்டம் 1855-இல் டல்ஹவுசி காலத்தில் முடிந்தது. முகமதலி வாலாஜாவின் கல்லறை திருச்சி நத்தர்வலி தர்காவிலே இருக்கிறது. சந்தாசாகிபின் கல்லறையும் அங்கேதான்.

அந்த மாணவனையும் இன்னும் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றேன். அறிக்கை எந்த மதிலிலே ஒட்டப்பட்டது என்று காண விரும்பினான். பூ விற்பவரைக் கேட்டோம், கடைக்காரரைக் கேட்டோம், கோயிற் பணியாளர் ஒருவரையும் கேட்டோம். 1801-ஆம் ஆண்டு அறிக்கையா என்று அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தெருவோரத்து நீண்ட சுவர் ஒன்றைக் காட்டி, எதுவானாலும் இந்தப் பக்கம் ஒட்டியிருக்க முடியாது என்றார். பெரிய எழுத்திலே அங்கே எழுதியிருந்தது: "விளம்பரம் செய்யாதீர்."